வணிகப் பிரிவும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியாகும் நாட்களில், அலுவல் நிமித்தம் திருமங்கலம் வட்டாரத்துச் சங்கங்களுக்குச் செல்லும்போதெல்லாம், கடன் தவணைப் பேச்சுக்கு அடுத்தபடியாக என் காதில் விழுவது ஒரே கேள்விதான்: "பிள்ளையை எந்தப் பிரிவில் சேர்ப்பது?" நூல் வாங்க வந்த நெசவாளரும் கேட்கிறார், பருத்தி மூட்டையை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் இறக்கிவிட்டு வந்த விவசாயியும் கேட்கிறார். மதிப்பெண் மிகுதியாகப் பெற்ற பிள்ளையானால் இந்தக் கேள்வியே எழுவதில்லை; அறிவியல் பிரிவு என்று வீட்டில் முன்னமே முடிவாகியிருக்கும். மதிப்பெண் குறைந்த பிள்ளைக்கே வணிகப் பிரிவு பேசப்படுகிறது. "மூணாவது குரூப்தான் கிடைத்தது" என்று சொல்லும்போது தகப்பனாரின் குரல் ஒருபடி தாழ்ந்துவிடுவதைப் பலமுறை கவனித்திருக்கிறேன்.

அவ்வாறு குரல் தாழவேண்டிய அவசியம் இல்லை என்பதே என் அபிப்பிராயம். கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வைத்திருக்கும் குடும்பத்துக்கு வேறெந்தக் குடும்பத்தைக் காட்டிலும் இந்தப் படிப்பு நெருக்கமானது. சங்கம் அங்கத்தினரின் சொத்து. அச்சொத்தின் நிலையை ஆண்டுதோறும் ஒரு தாளில் அச்சிட்டு அவர் கையிலேயே கொடுக்கிறார்கள். அத்தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காப்பி அருந்திவிட்டுத் திரும்புகிறோம். அதைப் படித்துப் பொருள் சொல்லக்கூடியவர் வீட்டுக்கு ஒருவராவது வேண்டாமா? மேல்நிலைப் பள்ளியின் இரண்டாண்டு வணிகப் படிப்பு அந்த ஒருவரை உண்டாக்கப் போதுமானது. ஆனால் அந்தப் படிப்பை வேறு வழியில்லாமல் வந்து சேரும் இடமாக நாமே ஆக்கிவைத்திருக்கிறோம்.

இந்தக் கல்வி நம் ஊர்ப் பள்ளிக்கு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணக்கு எழுதும் வித்தை நமக்குப் புதிதன்று. செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் லேவாதேவி நடத்திய காலத்தில், பேரேடும் ஐந்தொகையும் பிசகாமல் எழுதப்பட்டன. பெட்டியடிப் பையனாகப் போய்ச் சேர்ந்தவன், அடுத்தாளாகி மேலாளாகும்போது கணக்கை முழுவதும் கற்றிருப்பான். கடையே பள்ளிக்கூடம். ஆனால் கடைக்குள் இடம் கிடைத்தவனுக்கு மட்டுமே அந்தப் பள்ளிக்கூடம் திறந்திருந்தது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் கரிசல் காட்டு விவசாயியின் பிள்ளைக்கும் கல்லாப் பெட்டியின் மறுபக்கம்தான் இடம். வணிகத்தைப் பள்ளிக்கூடத்தில் வைத்து எல்லோருக்கும் கற்பிப்பது என்ற ஏற்பாடு நம் நாட்டில் 1886-ஆம் ஆண்டில் சென்னையில்தான் தொடங்கியது. பச்சையப்பர் அறக்கட்டளையின் தர்மகர்த்தாக்கள் ஒரு வணிகப் பள்ளியை ஏற்படுத்தினார்கள். பம்பாயில் சிடன்ஹாம் வணிகக் கல்லூரி 1913-இல் வந்தது. பள்ளியிறுதி வகுப்பு முடித்துப் புகுமுக வகுப்பில் இதைப் படிக்க விரும்பிய பையன், கல்லூரி உள்ள நகரத்துக்குப் போய்த் தங்கவேண்டியிருந்தது. 1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கிய பிறகே, பதினோராம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் உள்ளூர்ப் பள்ளிக்கு வந்தன. அவற்றோடு வணிகவியலும் கணக்குப்பதிவியலும் வந்தன.

ஆய்வுக்கூடம் வேண்டாத பிரிவு இது. கரும்பலகையும் ஓர் ஆசிரியரும் இருந்தால் தொடங்கிவிடலாம். ஆதலால் எளிதில் பரவியது. எளிதில் கிடைத்ததனாலேயே மதிப்பும் குறைந்தது போலும்.

இன்று இந்தப் பிரிவில் சேரும் மாணவர் தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளுடன் வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல் என்னும் மூன்றையும், நான்காவதாக வணிகக் கணிதமும் புள்ளியியலும், கணினிப் பயன்பாடுகள், வரலாறு போன்றவற்றுள் தம் பள்ளியில் உள்ள ஒன்றையும் படிக்கிறார். ஆறு பாடங்களுக்கு 600 மதிப்பெண். 2018, 2019-ஆம் ஆண்டுகளில் பாடப்புத்தகங்கள் புதிதாக எழுதப்பட்டன. நான் அவற்றைப் புரட்டிப் பார்த்தேன். காசோலை, பங்குச் சந்தை, நுகர்வோர் பாதுகாப்பு, சரக்கு விற்பனைச் சட்டம் என்று எல்லாம் இருக்கின்றன. அவை அனைத்தையும் இங்கே விவரிக்கப் போவதில்லை. நம் அங்கத்தினர் குடும்பங்களுக்கு நேராகப் பயன்படும் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, பற்று வரவு. பதினோராம் வகுப்பில் பிள்ளை முதன்முதலில் திகைத்து நிற்கும் இடம் இதுதான். பலர் இந்த இடத்தில் மனம் விட்டு, பிறகு எல்லாவற்றையும் மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். காரணம், வீட்டில் வரவு என்றால் வந்த பணம். புத்தகமோ, உள்ளே வருவதைப் பற்றில் எழுது, வெளியே போவதை வரவில் எழுது என்கிறது. "என்னப்பா இது, தலைகீழாக இருக்கிறதே!" என்று பிள்ளை வீட்டில் கேட்டால், "வாத்தியார் சொன்னபடி எழுது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

உண்மையில் இதில் தலைகீழ் ஒன்றும் இல்லை. மளிகைக் கடையில் சாமான் வாங்கிவிட்டு "என் பேரில் பற்று எழுதிக்கொள்ளுங்கள்" என்று சொல்லுகிறோம் அல்லவா? பெற்றுக்கொண்டவர் பேரில் பற்று. கொடுத்தவர் பேரில் வரவு. இதுவே மூல விதி. இப்போது கல்லாப்பெட்டியையும் ஓர் ஆளாக நினைத்துக்கொள்ளுங்கள். துண்டு விற்ற 100 ரூபாயைப் பெட்டியில் போடுகிறோம். அதைப் பெற்றுக்கொண்டது பெட்டி; ஆகவே பெட்டியின் பேரில் பற்று. நாளைக்குப் பெட்டியிலிருந்து எடுத்துச் சாயத்துக்குக் கொடுத்தால், கொடுத்தது பெட்டி. அதன் பேரில் வரவு. மளிகைக் கடைக்காரர் நம்மை எப்படி எழுதினாரோ அப்படியே புத்தகம் பெட்டியை எழுதுகிறது. அவ்வளவே.

நம் சங்கத்து நாளேட்டில் இது வேறு விதமாகத் தோன்றும். அங்கே பெட்டியை ஆளாக எண்ணுவதில்லை. பணம் கட்டிய அங்கத்தினரின் பேரில் நேராக வரவு வைத்துவிடுகிறார்கள். ஆகையால் வந்த பணமெல்லாம் வரவுப் பக்கத்திலும், கொடுத்த பணமெல்லாம் பற்றுப் பக்கத்திலும் நிற்கும். பள்ளியில் ரொக்க ஏடு படித்த பிள்ளை சங்க நாளேட்டைப் பார்த்தால், இரண்டில் ஒன்று தவறு என்றே எண்ணும். இரண்டும் சரிதான், ஒன்று பெட்டியின் கணக்கு, மற்றொன்று ஆட்களின் கணக்கு. இவ்வாறே, நாம் வங்கியில் போட்ட பணம் நம் ஏட்டில் பற்றாகவும், வங்கி தரும் சேமிப்புப் புத்தகத்தில் வரவாகவும் இருக்கும். ஒரே ரூபாய்தான், எழுதுகிறவர் யார் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. இந்த உண்மையைப் பதினாறு வயதில் தெளிவாகப் பிடித்துக்கொண்ட பிள்ளையை, பின்னால் எந்தக் கடன்காரரும் எந்த வங்கிச் சீட்டும் மயக்கிவிட முடியாது. இதே இரட்டைப் பதிவு முறையை லூக்கா பசியோலி என்ற இத்தாலிய நாட்டுத் துறவி 1494-இல் வெனிஸ் நகரில் ஒரு கணித நூலில் எழுதி அச்சிட்டார். அந்த முறை இன்றைக்கும் மாறவில்லை. கணினியில் ஓடும் டாலியும் அதே விதிப்படியே ஓடுகிறது.

இரண்டாவது, வீட்டையும் தொழிலையும் பிரிப்பது. தொழில் வேறு, அதை நடத்துகிறவர் வேறு என்பது கணக்குப்பதிவியலின் ஆரம்பக் கருத்து. தொழிலிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுத்ததற்கு 'எடுப்புகள்' என்று தனிப்பெயர் வைத்து, தனிக் கணக்கில் எழுதச் சொல்லுகிறது புத்தகம். கேட்பதற்குச் சிறிய விஷயம். ஆனால் நம் குடும்பங்களில் விதைக்கு வைத்த மூட்டையிலிருந்து சாப்பாட்டுக்கு எடுப்பதும், நூலுக்கு வைத்த பணத்தில் கல்யாண மொய் எழுதுவதும் அன்றாட நடப்பு. எடுத்தது குற்றமன்று, எடுத்தது எவ்வளவு என்பது தெரியாமல் இருப்பதே துன்பத்துக்குக் காரணம்.

"நாங்கள் கணக்கே எழுதுவதில்லையே, எங்களுக்கு இதனால் என்ன பிரயோசனம்?" என்று கேட்பவர்களுக்காகவே பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியலின் முதல் பாடம் அமைந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 'முழுமை பெறா பதிவேடுகளிலிருந்து கணக்குகள்' என்பது அதன் தலைப்பு. ஆண்டு முழுதும் ஏடு எழுதாத ஒருவர் கூட, தொடக்கத்தில் இருந்தது என்ன, முடிவில் இருப்பது என்ன என்ற இரண்டு நிலை அறிக்கைகளைக் கொண்டு லாப நஷ்டத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். தொகைகள் நானே வைத்துக்கொண்டவை.

சொந்தமாக நூல் வாங்கித் துண்டு நெய்து கடைகளுக்குப் போடும் ஒரு குடும்பம். ஏப்ரல் முதல் தேதியன்று அவர்களிடம் தறி ரூ. 40,000, நூல் இருப்பு ரூ. 12,000, கடைக்காரர்களிடமிருந்து வரவேண்டியது ரூ. 6,000, கைரொக்கம் ரூ. 4,000, ஆக ரூ. 62,000. கடன் ரூ. 15,000. கடன் போக, சொந்த முதல் ரூ. 47,000. அடுத்த மார்ச் கடைசியில் பார்க்கிறார்கள். தறி ஓராண்டு தேய்ந்துவிட்டது. 12 ஆண்டு உழைத்துக் கடைசியில் ரூ. 4,000-க்கு விலைபோகும் தறி என்று கொண்டால் ஆண்டுக்குத் தேய்மானம் ரூ. 3,000, ஆகவே தறி இப்போது ரூ. 37,000. நூல் ரூ. 9,000, வரவேண்டியது ரூ. 10,000, ரொக்கம் ரூ. 5,000, ஆக ரூ. 61,000. கடன் ரூ. 9,000-ஆகக் குறைந்திருக்கிறது. சொந்த முதல் ரூ. 52,000.

குடும்பத் தலைவர் மகிழ்ச்சியோடு இருக்கிறார். கடனில் ரூ. 6,000 அடைந்தது, முதல் ரூ. 5,000 கூடியது. "இந்த வருஷம் பரவாயில்லை" என்கிறார். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் தாளை எடுத்து இரண்டு கேள்விகள் கேட்கிறாள். வீட்டுக்கு மாதம் எவ்வளவு எடுத்தோம்? மாதம் ரூ. 8,000 வீதம் ஆண்டுக்கு ரூ. 96,000. வெளியிலிருந்து புதிதாக ஏதேனும் போட்டோமா? ஆம், தாயார் சீட்டு எடுத்த பணம் ரூ. 10,000 நூல் வாங்கப் போட்டோம். இறுதி முதலோடு எடுப்பைக் கூட்டி, புதிதாகப் போட்டதையும் தொடக்க முதலையும் கழித்தால் வருவதே லாபம். 52,000 உடன் 96,000 கூட்டினால் 1,48,000. அதில் 10,000-மும் 47,000-மும் போனால் மிச்சம் ரூ. 91,000. தொழில் ஈட்டியது ரூ. 91,000, குடும்பம் எடுத்தது ரூ. 96,000. ஐயாயிரம் ரூபாய்க்கு முதலைச் சாப்பிட்டிருக்கிறார்கள்! தாயாரின் சீட்டுப் பணம் அந்தப் பள்ளத்தை மூடி, மேலே மேடு காட்டியிருக்கிறது. அடுத்த ஆண்டு சீட்டு இல்லாவிட்டால்?

இந்தக் கணக்குக்கு ஒரு பக்கத் தாள் போதும். பயிரிடுவோரும் தறிக்குப் பதில் மாடு, மோட்டார், விதை இருப்பு, களஞ்சியத்துத் தானியம், பயிர்க்கடன் என்று போட்டு இப்படியே பார்க்கலாம். வீட்டார் உழைப்புக்குக் கூலி போட்டால் நிலைமை இன்னும் வேறாகத் தெரியும். பள்ளிப் பாடம் அதைச் சேர்க்கச் சொல்வதில்லை. அது பாடத்தின் குறை என்றே நான் கருதுகிறேன். நம் தொழில்களில் பெரிய செலவே அதுதானே.

மூன்றாவது விஷயத்துக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் சங்கம் ஒன்றின் மகாசபைக் கூட்டத்துக்குச் சென்றிருந்தேன். சங்கத்தின் பெயர் இங்கே வேண்டாம். அறிக்கையில் நிகர லாபம் ரூ. 1,25,000 என்று இருந்தது. லாபம் காட்டிய சங்கத்தில் கேள்வி எழுவது அபூர்வம். தலைவர் வாசித்து முடித்ததும் கைதட்டத் தயாராக இருந்தார்கள். அப்போது வயதான அங்கத்தினர் ஒருவர் எழுந்தார். கண் பார்வை மங்கியவர். துணைக்கு வந்த பேத்தி பன்னிரண்டாம் வகுப்பில் வணிகப் பிரிவு படிப்பவள். மகாசபையில் பேசும் உரிமை அங்கத்தினருக்கே ஆதலால், அவள் பின்னாலிருந்து மெதுவாகச் சொல்ல, தாத்தா உரக்கக் கேட்டார்: "சரக்கு இருப்பு 36 லட்சம் என்று போட்டிருக்கிறதே, அதில் பழைய சரக்கு எவ்வளவு? அதை என்ன விலைக்கு எழுதியிருக்கிறது?"

சபை சிறிது நேரம் மௌனமாயிற்று. மேலாளர் நேர்மையானவர், ஒளிக்காமல் பதில் சொன்னார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 12 லட்ச ரூபாய்ச் சரக்கு, இரண்டு ஆண்டுக்கு மேல் தேங்கியது. அடக்க விலைக்கே எழுதப்பட்டிருக்கிறது. பெண் மறுபடியும் தாத்தாவின் காதில் சொன்னாள். "அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அந்த விலைக்குத்தானே சரக்கு இருப்பை எழுதவேண்டும்?" என்று அவர் கேட்டார். இது பதினோராம் வகுப்புப் பாடம். பழைய மோஸ்தர்ச் சேலைகள் நூற்றுக்கு இருபது குறைத்தால்தான் போகும் என்று வைத்துக்கொண்டாலும் 12 லட்சத்தில் ரூ. 2,40,000 குறையும். காட்டிய லாபம் முழுவதும் போய், மேலும் ஒரு லட்சத்துக்கு மேல் நஷ்டம் நிற்கும். தணிக்கைக் குறிப்பிலும் இது ஒரு வரியாக இருக்கத்தான் செய்தது. அந்த வரியைப் படித்தவர் இல்லை. தேங்கிய சரக்கை ஆண்டுவாரியாகப் பிரித்துத் தனிப்பட்டியலாகக் காட்டவேண்டும் என்று அன்றே தீர்மானம் எழுதினார்கள். அடுத்த ஆண்டு அறிக்கையில் அந்தப் பட்டியல் இருந்தது. புதிய மோஸ்தருக்கு நூல் கொடுக்குமுன் பட்டியலைப் பார்க்கும் வழக்கமும் வந்தது. பழைய ரகத்தையே நெய்துகொண்டிருந்த சில தறிகளுக்கு அதனால் சில வாரங்கள் வேலை குறைந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த வீடுகளில் அந்தப் பெண்ணைப் பற்றி நல்ல பேச்சு இல்லை என்றும் கேள்விப்பட்டேன்.

கணக்கைப் படித்துக் கேள்வி கேட்பது கூட்டுறவுக்கு விரோதமான செயல் என்று சில நிர்வாகிகள் எண்ணுவதுண்டு. கூட்டுறவின் பிறப்பே அதற்கு மறுமொழி. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவு நகரில் 1844-இல் 28 பேர், அவர்களில் பலர் கம்பளித் துணி நெய்பவர்கள், 28 பவுன் முதலோடு ஒரு சிறு கடை வைத்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவர்த்தி இவையே ஆரம்பச் சரக்கு. எடையில் மோசம் கூடாது, ஆளுக்கு ஒரு வாக்கு என்ற விதிகளோடு, கணக்கையும் ஐந்தொகையையும் அடிக்கடி அங்கத்தினர் முன் வைக்கவேண்டும் என்பதையும் அவர்கள் விதியாகக் கொண்டார்கள். பின்னர் லாபத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கைக் கல்விக்கென்றே ஒதுக்கினார்கள். ஐந்தொகையை முன் வைப்பதும், அதைப் படிக்கக் கற்பிப்பதும் ஒன்றுக்கொன்று துணை என்பதை அந்த நெசவாளர்கள் உணர்ந்திருந்தார்கள். நம் சங்கங்களின் லாபப் பிரிவினையிலும் கூட்டுறவுக் கல்வி நிதி என்று ஒரு வரி உண்டு; அங்கத்தினர்கள் கவனித்திருக்கலாம்.

பதினோராம் வகுப்பு வணிகவியலில் கூட்டுறவு அமைப்பைப் பற்றித் தனிப் பாடமே இருக்கிறது. தனிவணிகம், கூட்டாண்மை, கூட்டுப் பங்கு நிறுமம் ஆகியவற்றை அடுத்து அதுவும் வருகிறது. ஆனால் வகுப்பில் அது எப்படி நடக்கிறது? நன்மைகள் ஐந்து, குறைபாடுகள் ஐந்து என்று எழுதிப் போட்டு, பரீட்சைக்கு ஒப்பிக்கச் செய்கிறார்கள். அப்பாடத்தைப் படிக்கும் பையனின் தகப்பனார் அதே தெருவில் உள்ள சங்கத்தில் அங்கத்தினர். பையன் அந்தக் கட்டடத்துக்குள் ரேஷன் வாங்கவன்றி நுழைந்ததில்லை. இதற்கு ஆசிரியரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எழுத்துத் தேர்வுக்கு 90 மதிப்பெண், அகமதிப்பீட்டுக்கு 10. தொண்ணூற்றின் பின்னால் ஓடவேண்டியிருக்கிறது. ஆயினும் அந்தப் பத்தில் ஒப்படைப்புக்கும் களப்பயணத்துக்கும் இடம் உண்டு. சங்கம் முன்வந்தால் ஆசிரியர் மறுக்கமாட்டார்.

சங்கம் செய்யவேண்டியது பெரிய காரியம் அன்று. சென்ற ஆண்டு அறிக்கையில் மிஞ்சிக் கிடக்கும் பிரதிகளில் முப்பது நாற்பதை உள்ளூர் மேல்நிலைப் பள்ளிக்கு அனுப்பலாம். அங்கத்தினர் பெயர்கள் இல்லாத மாதிரித் தாள்களில் நாளேடு, கடன் பேரேடு, நூல் இருப்புப் பதிவேடு ஆகியவற்றின் தலைப்புகளைக் காட்டலாம். நவம்பர் 14 முதல் 20 வரை கூட்டுறவு வாரம் கொண்டாடும்போது பேச்சுப் போட்டி வைத்து, 'கூட்டுறவே நாட்டுயர்வு' என்று ஐம்பது பிள்ளைகளைப் பேசவிட்டு, டப்பா பரிசளிக்கிறோம். அதற்குப் பதிலாக ஓர் ஆண்டு, ஐந்தொகை ஒன்றைக் கையில் கொடுத்து, "இதில் நீ கேட்க விரும்பும் மூன்று கேள்விகளை எழுது" என்று போட்டி வைத்துப் பார்க்கலாம். நிர்வாகக் குழுவினருக்குச் சற்று நெஞ்சுரம் வேண்டும், அவ்வளவே!

பயிரிடுவோருக்கு வேறொரு பாடம். பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியலில் 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம் வருகிறது. மிளகாயையும் மக்காச்சோளத்தையும் வெளியூர் வியாபாரிக்கு விற்றுக் காசோலை வாங்குகிறவர்கள் நம்மில் பலர். காசோலைக்கு அதன் தேதியிலிருந்து மூன்று மாதமே ஆயுள். பணமில்லை என்று திரும்பிவந்தால், வங்கியிடமிருந்து செய்தி கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பவேண்டும். அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் பணம் தராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கவேண்டும். "நம்ம ஆள்தானே, அறுவடைக்கு அப்புறம் தந்துவிடுவார்" என்று இரண்டு மாதம் காத்திருந்து, வழக்குக்குரிய காலத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு. வீட்டில் இந்தப் பாடம் படித்த பிள்ளை ஒன்று இருந்தால், காசோலை திரும்பிய அன்றைக்கே நாளை எண்ணத் தொடங்கியிருக்கும்.

இனி, சேர்க்கும் பெற்றோர் கவனிக்கவேண்டிய சில. கணக்குக்குப் பயந்து வணிகப் பிரிவுக்கு வருவதும், வந்த பிறகு நான்காவது பாடத்தில் கணிதத்தைத் தவிர்ப்பதும் பலர் செய்வது. பி.காம். பட்டத்துக்கு அது தடையாகாது. ஆனால் பட்டயக் கணக்காளர் படிப்பின் அடித்தளத் தேர்வில் நான்கு தாள்களுள் ஒன்று கணிதமும் புள்ளியியலும் தர்க்க அறிவும் சேர்ந்தது. பள்ளியில் வணிகக் கணிதம் படித்தவர்களுக்கு அது பாதி தெரிந்த வீடு. பள்ளியில் அந்தப் பாடம் இருந்து, பிள்ளைக்கும் ஓரளவு இயலுமானால், அதையே எடுக்கச் சொல்வேன். அந்தப் பாடம் இல்லாத பள்ளிகளில் கணினிப் பயன்பாடுகள் அடுத்த நல்ல துணை.

தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. பள்ளியில் 'இருப்பாய்வு' என்று படிக்கிறார்கள். கல்லூரியில் அது 'டிரையல் பேலன்ஸ்' ஆகிவிடுகிறது. 'இருப்புநிலைக் குறிப்பு' என்பது நம் சங்க அறிக்கையில் 'ஐந்தொகை' அல்லது 'ஆஸ்தி பொறுப்புப் பட்டியல்'. கணினித் திரையில் 'பேலன்ஸ் ஷீட்'. ஒரே பொருளுக்கு நான்கு பெயர்கள்! முதல் நாளிலிருந்தே ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவரச் செய்தால், கல்லூரியின் முதல் ஆறு மாதம் வீணாகாது. தமிழில் படித்ததனால் பின்தங்கியவர்களை நான் கண்டதில்லை. இந்தப் பெயர் மாற்றத்தில் தடுமாறி, வகுப்பில் வாய்மூடி இருந்துவிட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

நம் சங்கங்களும் மாறிவருகின்றன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய அரசு ரூ. 2,516 கோடியில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. நாடெங்கும் 63,000 சங்கங்கள் அப்போது அதன் இலக்காக இருந்தன. இயந்திரம் கணக்கைக் கூட்டிக் கொடுத்துவிடும். எந்தத் தலைப்பில் எழுதவேண்டும் என்பதை எழுதுகிறவர்தான் தீர்மானிக்கவேண்டும். மூலதனச் செலவை நடப்புச் செலவில் எழுதினாலும் இயந்திரம் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டு, இரண்டு பக்கமும் சரியாக நிற்கும் ஐந்தொகையை அச்சிட்டுத் தரும். பதினோராம் வகுப்பில் 'முதலின மற்றும் வருவாயின நடவடிக்கைகள்' என்ற பாடத்தைக் கருத்தோடு படித்தவருக்கே அந்த வேறுபாடு கண்ணில் படும்.

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் மேலே போக வழி தேடுவோர் சிலர் என்னிடம் கேட்பதால் இதையும் சொல்லி முடிக்கிறேன். மதுரையில் உள்ள கூட்டுறவு மேலாண்மை நிலையத்தில் கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் பயிற்சி நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்கள் சேரலாம். கூட்டுறவு நிறுவனங்களில் உதவியாளர் வேலைக்குப் பட்டத்தோடு கூட்டுறவுப் பயிற்சியும் கேட்கப்படுகிறது என்பதை நினைவில் வைத்து, பட்டப்படிப்பு, பயிற்சி இரண்டின் காலத்தையும் முன்னமே கணக்கிட்டுக்கொள்வது நல்லது. சேர்க்கை அறிவிப்பு வரும் காலத்தில் உங்கள் சங்கச் செயலாளரைக் கேட்டால் விவரம் தெரியும். பள்ளிச் சான்றிதழ்களின் நகல்களை முன்னரே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் நகல் கடையில் கூட்டம் தாங்காது.